உள்வளையம்

பேட்டை தொழிற்பேட்டையில் சிவசண்முகம் நடத்திய பட்டறையில் இயந்திரங்களுக்குப் படம் போடுகிறவள் விஜயஸ்ரீ. பாலிடெக்னிக் முடித்த கையோடு சேர்ந்தவள். 1994-ல் அவளுக்கு அங்கே நான்காவது வருஷம். சின்ன ஆய்வகங்களுக்கான சென்ட்ரிஃப்யூஜ் முழுக்க அவள் யோசனை. குழாயில் ரத்தத்தை விட்டுச் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் படியும், மஞ்சள் நீர் மேலே தெளிந்து நிற்கும். குக்கர் அளவுதான் இருக்கும். இடுப்பில் இடுக்கிக்கொண்டு சீவலப்பேரி பஸ்ஸில் ஏறிவிடலாம்.

கிராமத்துச் சுகாதார நிலையங்களுக்கு இருபது இயந்திரம் வேண்டும் என்று பேச்சு வந்தது. எடை குறைந்தால் விலை குறையும் என்று, உள்ளே சுற்றிவர வைத்திருந்த இரும்பு வளையத்தை எடுத்துவிடச் சொன்னார் சிவசண்முகம்.

"வெளித்தகடு இருக்குல்லா, அது போதும்."

"போதாது அண்ணாச்சி. குழாய் வைக்கிற கப்பு நிமிஷத்துக்கு நாலாயிரம் சுத்து சுத்துது. அதத் தாங்குத பின்னு உடைஞ்சா குண்டு மாதிரிப் பறந்து வரும்."

"இதுவரைக்கும் ஒரு பின்னு உடைஞ்சிருக்கா? நீ படத்தப் போடு. யாவாரத்த நான் பாத்துக்கிடுதேன்."

அவள் அந்தப் படத்தைப் போடவில்லை. சிவசண்முகம் ஃபிட்டர் அருமைநாயகத்தைக் கூப்பிட்டு, படம் இல்லாமலே வளையத்தைக் கழற்ற வைத்தார்.

கழற்றிய இயந்திரம் மேஜைமேல் இருந்த உயரத்தைப் பார்த்தாள் விஜயஸ்ரீ. எதிரே ஒருத்தி உட்கார்ந்தால் சரியாக நெஞ்சுக்கு நேரே வருகிறது. அன்று மத்தியானம் அவள் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவே இல்லை. அரத்தை எடுத்து இரண்டு பின்னைப் பாதிக்கு ராவினாள்.

மறுநாள் வாங்குகிற குழு வந்தது. அதிகாரிகள் இருவர், கூடவே முப்பது வருஷம் ரத்தம் சோதித்த ஆய்வகக்காரி சாரம்மாள். அவர் கொண்டுவந்த ரத்தம் பத்தே நிமிஷத்தில் அழகாகப் பிரிந்தது. அதிகாரிகளுக்குத் திருப்தி. சிவசண்முகம் காபிக்குச் சொல்லி அனுப்பினார்.

"இன்னும் ஒரு சோதனை இருக்கு. பின்னாடி வாங்க" என்றாள் விஜயஸ்ரீ.

கொல்லையில் மணல் மூட்டைகளை ஆள் உயரத்துக்கு வட்டமாக அடுக்கி, நடுவில் அதே மாதிரி வளையமில்லாத ஒன்றை வைத்திருந்தாள். எல்லோரையும் சுவருக்குப் பின்னால் நிறுத்தினாள். "பாதி ராவின பின்னு போட்டிருக்கேன். என்னைக்காவது தேஞ்சா இப்படித்தான் ஆகும்" என்று சொல்லி, நீள வயரின் முனையில் இருந்த சுவிட்சைப் போட்டாள்.

சத்தம் ஏறிக்கொண்டே போனது. பிறகு ஒரு வெடி. போய்ப் பார்த்தால் தகடு கிழிந்து வெளிப்பக்கம் மடங்கிக் கிடந்தது. கப்பு மணல் மூட்டைக்குள் முழங்கை ஆழத்தில் புதைந்திருந்தது.

சாரம்மாள் கிழிசலைத் தொட்டுப் பார்த்தார். "நான் இதுக்குப் பக்கத்துலதாம்மா உக்காருவேன்" என்றார்.

"வளையம் போட்டதும் இருக்கு, பாருங்க. அதுலயும் பாதி ராவின பின்னுதான்."

இரண்டாவது இயந்திரத்தில் மொத்தென்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. வளையம் பிதுங்கியிருந்தது; தகடு கிழியவில்லை. வளையத்தோடு அடுத்த மாதம் கொண்டுவாருங்கள், பார்க்கலாம் என்று அதிகாரிகள் கையெழுத்துப் போடாமல் ஜீப் ஏறினார்கள்.

"என் சோத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டியே! நாளையிலிருந்து இங்கன வராத" என்று கத்தினார் சிவசண்முகம்.

மறுநாள் எட்டரைக்கு விஜயஸ்ரீ வந்து நின்றாள்.

"நேத்து சொன்னது காதுல விழலையா?"

"விழுந்துச்சு அண்ணாச்சி. அத எழுதிக் குடுங்க. எதுக்கு அனுப்புதீயன்னு காரணத்தையும் சேத்து எழுதுங்க."

அவர் விருட்டென்று தாளை இழுத்தார். தேதி போட்டார், அவள் பெயரை எழுதினார். 'காரணம்' என்று எழுதிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. அவள் நகரவில்லை. லேத்தை நிறுத்திவிட்டு அருமைநாயகமும் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் சிவசண்முகம் பேனாவை மூடி வைத்தார். அவள் முகத்தைப் பார்க்காமலே, "ஏலே அருமைநாயகம், வளையத்துக்கு எத்தன மில்லி கனத்துல தகடுன்னு அந்தப் பிள்ளகிட்ட கேளுலே" என்றார்.

"ரெண்டு மில்லி போட்டிருந்தோம். நேத்து பிதுங்கிருச்சு" என்றாள் விஜயஸ்ரீ, அவருக்கும் கேட்கும்படியாக. "இனி மூணு."