மூன்றாவது அறையில் என் குரல்

என் தங்கை பல்கலைக்கழகத்தில் ஓவியத் துறை ஆசிரியை. அவள் பேசுவதில் பாதி எனக்குப் புரியாது. மீதிப் பாதி அவளுக்கே புரியுமா என்பது சந்தேகம். ஆனாலும் அவளைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்வதில் நான் குறை வைத்ததே இல்லை. அவள் செய்த ஏதோ ஒன்று பல்கலைக்கழகத்தின் சின்ன அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்திருக்கிறது என்றதும், இருப்பதிலேயே நல்ல புடவையை எடுத்துக் கட்டினேன். "அத்தானையும் கூட்டிட்டு வாக்கா, அவருக்கும் ஒரு மாறுதலா இருக்கும்" என்று காரும் அனுப்பியிருந்தாள்.

பக்கவாதம் வந்த பிறகு என் கணவர் ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் போனதில்லை. இடது கை சும்மா தொங்கும். பேச்சு இழுத்து இழுத்துத்தான் வரும். காதும் புத்தியும் மட்டும் முன்னைவிடக் கூர்மை.

அருங்காட்சியகம் என்றால் பழைய நூலகத்தின் கீழ்த்தளத்தில் மூன்றே அறைகள். பெரிய வெள்ளைத் துணியில் ஒற்றைக் கறுப்புக் கோடு இழுத்திருந்த படத்தின் முன்னால் இவர் ஊன்றுகோலோடு வெகுநேரம் நின்றார்.

"பெயிண்ட் தீந்துபோச்சு போல" என்றார்.

பக்கத்தில் நின்ற மாணவிகள் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்கள். பக்கவாதத்துக்கு முந்தைய அந்தப் பழைய மனுஷராகத் தெரிந்தார். எனக்கு மனசு நிறைந்துபோனது.

இரண்டாவது அறையிலேயே அவருக்குக் கால் தள்ளாடியது. சுற்றிப் பார்த்தேன், உட்கார ஒரு பெஞ்சுகூட இல்லை. காவலாளி கை காட்டினார். "அடுத்த ரூம்ல நாற்காலி இருக்கும்மா. உக்காந்து கேக்கறதுக்குன்னே போட்டது."

அதுதான் என் தங்கையின் அறை. படம் எதுவும் இல்லை. இரண்டு நாற்காலிகள், ஒவ்வொன்றின் மேலும் தொங்கும் ஹெட்போன். பார்க்க வந்தவர்கள் எழுதி ஒட்டிய காகிதத் துண்டுகள் சுவர் முழுக்க. உட்கார்ந்திருந்த ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து இவருக்கு இடம் விட்டாள். ஒரு கையால் அவருக்கு முடியாது என்று நானே ஹெட்போனை மாட்டி, காதுக்கு மேல் முடியையும் ஒதுக்கிவிட்டேன். பிறகு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என்னுடையதை மாட்டினேன்.

வாஷிங் மெஷின் தடதடக்கும் சத்தம். அதற்கு மேல் ஒரு பெண் குரல், கொஞ்சம் கட்டையாக: "இன்னிக்கும் டீயக் கொட்டிட்டாருடி. மூணாவது பெட்ஷீட்டு."

என் வார்த்தைகள். தினமும் துணி துவைக்கும் நேரத்தில் பின்கட்டில் நின்று போனில் தங்கைக்குப் பேசிப் பதிவுசெய்து அனுப்புவேன். அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்ல முடியுமா? "கேட்டேன்க்கா, அழாத" என்று பதில் வரும். அந்த ஒரு வரியில்தான் என் நாள் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு மேலே என்ன பேசினேன் என்பது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருந்தது. என் காதிலிருந்ததைப் பிய்த்து மடியில் போட்டுவிட்டு அவர் காதுக்குக் கையை நீட்டினேன். வலது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இரு."

மடியில் கிடந்த ஹெட்போனிலிருந்து சன்னமாக எனக்கும் கேட்டது. "சில நாள் காலைல எழுப்பப் போறப்போ, இவரு முழிக்காமலே இருந்துட்டா தேவலைன்னு தோணுதுடி."

அவர் முகம் அசையவில்லை. என் கையையும் விடவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தங்கை வந்தாள், வாயெல்லாம் பல். நான் அவளை மூலைக்கு இழுத்துப் போனேன்.

"என்னடி பண்ணி வச்சிருக்க?"

"குரலை மாத்திட்டேன்க்கா. யாருக்குமே தெரியாது."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டிருந்தா வேணாம்னிருப்ப." ஏதோ குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். "சுவத்தைப் பாரு. எத்தன பேருக்கு ஆறுதலா இருக்கு தெரியுமா?"

நான் சுவரைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தேன். நான் அழுததைக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று நம்பினேன், இவள் சேகரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். கூடப் பிறந்தவளே கழுத்தறுத்தால் யாரிடம் போய்ச் சொல்வது? இனிமேல் சொல்லிக்கொள்ளவும் எனக்கு ஆள் இல்லை.

அவர் ஹெட்போனைத் தானே கழற்றிவிட்டு மெல்ல எழுந்து வந்தார்.

"நம்ம மெஷின்" என்றார் தங்கையிடம். "ஒரு கால் குட்டை. நான்தான் அட்டை மடிச்சு வச்சேன்."

அவள் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "அத்தான், அது வந்து..." என்று ஆரம்பித்தாள். அவர் காதில் வாங்காமல் வாசலைப் பார்த்து நடந்தார். எப்போதும் என் தோளைப் பிடிப்பவர் காவலாளியின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

வீடு வந்து சேர்ந்தோம். இரவு சாப்பாட்டை ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிட்டார். அதற்கு வெகுநேரம் ஆனது. நான் ஊட்டப் போனபோது வேண்டாமென்று தலையை ஆட்டினார். தங்கையிடமிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

மறுநாள் காலை டீயோடு அவர் அறைக்குப் போனேன். வழக்கமாகத் தோளைத் தட்டி எழுப்ப வேண்டும். அன்று கண்ணைத் திறந்து வாசலையே பார்த்தபடி கிடந்தார்.

"முழிச்சிட்டேன்" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.