கடிதத்தில் இருந்த பெயர்

அந்த ஒரு பக்கக் கடிதத்தை எழுதி முடிக்க மூன்று மதியங்கள் ஆயின. பக்கவாதத்தில் வலக்கையும் பேச்சும் போன வில்லமுக்கு வயது எண்பத்தொன்பது. துபாயில் மகன் பீட்டரின் வீட்டில் அவருடைய குழறலைப் புரிந்துகொள்ளத் தெரிந்தவன், மூன்று வருடமாக அவரைக் குளிப்பாட்டி ஊட்டிவிடும் நர்ஸ் அருள்ராஜ் ஒருவன்தான். அவர் சொல்லச் சொல்ல எழுதினான். அவர் இடக்கையால் கையெழுத்திட்டார்.

கடிதத்தில் இருந்தது இதுதான். ஹாலந்து ஜெர்மன் ராணுவத்தின் பிடியில் இருந்தபோது வில்லமுக்கு எட்டு வயது. அவர்கள் வீட்டில் வேலைக்கு இருந்த டீனா, ஒரு யூதத் தாயையும் இரண்டு வயது மகளையும் பரணில் பதினோரு மாதம் ஒளித்துவைத்திருந்தாள். தன் சாப்பாட்டில் பாதியை மேலே கொண்டுபோவாள். வில்லமின் அப்பா கண்டுபிடித்து போலீசில் சொல்லிவிட்டார். வண்டி வருவதற்குள் குழந்தையைத் துணிக்கூடையில் வைத்துத் தன் அக்கா வீட்டில் சேர்த்துவிட்டு, தாயையும் கூட்டிப்போகத் திரும்பி வந்தாள் டீனா. இருவரையும் பிடித்துப்போனார்கள்; அவர்கள் திரும்பவேயில்லை. யுத்தம் முடிந்ததும், குழந்தையைக் காப்பாற்றியது தான்தான் என்று அப்பா சொல்லிக்கொண்டார். ஊர் நம்பியது.

அந்தக் குழந்தையின் மகள் ஹான்னா நன்றி சொல்வதற்காக வெள்ளிக்கிழமை வருகிறாள். பீட்டர் தன் தாத்தாவின், அதாவது வில்லமுடைய அப்பாவின், படத்தைப் பெரிதாக்கி வரவேற்பறையில் மாட்டியிருந்தார்.

"அவ கையில குடுத்துடு. பீட்டருக்குத் தெரியக் கூடாது" என்றார் வில்லம்.

அருள்ராஜால் அதைத் தனியாகச் சுமக்க முடியவில்லை. நான்கு வருடமாக ஒரே அறையில் தங்கியிருக்கும் டிரைவர் கௌஸ் முகம்மதிடம் மட்டும் சொன்னான்.

வெள்ளிக்கிழமை காலை, தன் மெத்தைக்கடியில் அவன் ஒளித்துவைத்திருந்த கடிதம் இல்லை. கௌஸ் வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தார்.

"சார்கிட்ட குடுத்துட்டீங்களாண்ணே?"

அவர் தண்ணீர்க் குழாயை மூடவில்லை. "என் மவனுக்குக் கம்பெனில வேலை தர்றேன்னுருக்காருடா. எம்பது வருசத்துக்கு முன்ன செத்தவளுக்காக நான் என்ன செய்ய?"

பீட்டர் கோபப்படவேயில்லை. "உன் விசா அடுத்த மாதம் முடிகிறது, இல்லையா?" என்று மட்டும் கேட்டார். ஊரில் மனைவி பானுமதிக்கு ஏழாம் மாதம். அருள்ராஜ் தலையாட்டினான்.

ஹான்னா சக்கர நாற்காலியின் முன் மண்டியிட்டு, வில்லமின் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். "உங்கள் அப்பா இல்லையென்றால் நான் பிறந்தே இருக்க மாட்டேன்" என்றாள். வில்லம் அவள் தலைக்கு மேலாக அருள்ராஜையே பார்த்தார். அருள்ராஜ் தரையைப் பார்த்தான். கொஞ்ச நேரம் காத்திருந்த கிழவர், கழுத்து நரம்பு புடைக்கத் தானே தொடங்கினார்.

"டீ... டீ..."

"டீ கேட்கிறாரா?" ஹான்னா அருள்ராஜ் பக்கம் திரும்பினாள். "நீங்கள்தானே அவர் பேச்சைப் புரிந்துகொள்பவர்?"

பீட்டரும் திரும்பினார்.

"ஆமாம் மேடம். டீதான்."

அவனே கலந்து, ஆற்றி, எப்போதும்போல ஸ்பூனில் எடுத்து அவர் வாயருகே கொண்டுபோனான். வில்லம் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டார். கண்கள் மட்டும் அவன் முகத்தை விட்டு நகரவில்லை. தேநீர் மோவாயில் வழிந்து வெள்ளைச் சட்டையில் இறங்கியது. ஹான்னா தன் கைக்குட்டையால் அதைப் பதமாக ஒற்றி எடுத்தாள்.