மூன்றாவது துளி

குல்ஷனின் கண்ணாடித் தகட்டில் மூன்று துளி ரத்தமும் வைத்தது வைத்தபடியே இருந்தன. பக்கத்து மேசைகளில் எல்லாருக்கும் ஏதாவது ஒரு துளியாவது பால் திரிந்த மாதிரி திரிதிரியாகப் பிரிந்துவிட்டது. அவளுடையதில் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை.

டெமான்ஸ்ட்ரேட்டர் சவுரியப்பன் வந்து எட்டிப் பார்த்தார். "சீரம் விட்டியாம்மா, மறந்துட்டியா?"

"விட்டேங்க சார்."

அவர் நம்பவில்லை. இன்னொரு விரலைக் குத்தச் சொல்லி, தானே சீரத்தை விட்டு, பாசிட்டிவா நெகட்டிவா என்று காட்டும் மூன்றாவது துளியை விளக்கின் மேல் லேசாகச் சூடுகாட்டி, தகட்டை அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"ஓ நெகட்டிவ். இத்தனை பேர்ல நீ ஒருத்திதான். உன் ரத்தத்தை யாருக்கு வேணாலும் ஏத்தலாம். உனக்கு வேணும்னாத்தான் ஊர் ஊராத் தேடணும்."

வகுப்பே சிரித்தது. குல்ஷனும் சிரித்தாள். அது 1974. தர்மபுரியில் விலங்கியல் மூன்றாம் ஆண்டு. முதல் வருஷம் செல்லில் தொடங்கி, மண்புழு, கரப்பான், தவளை என்று அறுத்துத் தள்ளி, இந்த வருஷம்தான் மனித உடலுக்கு வந்திருந்தார்கள். அவளுடைய அப்பா நூர் பாஷா பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டிரங்குப் பெட்டி செய்கிறவர். பெண்ணை எதற்கு இவ்வளவு படிக்கவைக்கிறாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம், "தகரம் தட்ட நான் இருக்கேன், படிக்க அவ இருக்கட்டுமே" என்று ஒரே பதில்தான் வைத்திருந்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் உடலியல் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் தேடினாள். தாய் நெகட்டிவ், தகப்பன் பாசிட்டிவ் என்றால் முதல் குழந்தைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் அந்தப் பிரசவத்தில் குழந்தையின் ரத்தம் கொஞ்சம் தாயின் ரத்தத்தில் கலந்துவிட்டால், தாயின் உடம்பு அதை அந்நியன் என்று எண்ணி எதிர்ப்பொருள் உண்டாக்கிக்கொள்ளும். அடுத்த குழந்தையும் பாசிட்டிவாக இருந்தால் அந்த எதிர்ப்பொருள் உள்ளே போய்க் குழந்தையின் சிவப்பு அணுக்களை உடைக்கும். குழந்தை பிறந்த ஓரிரு நாளில் மஞ்சள் பூத்துப்போகும்.

அந்த வரியை நான்கு தடவை படித்தாள்.

பாலக்கோட்டில் புளி வியாபாரி சர்தாருக்குக் கட்டிக்கொடுத்திருந்த அவள் அக்கா ஷகிலாவுக்கு முதல் பிள்ளை பையன். கல்லுக்குண்டு மாதிரி இருந்தான். இரண்டாவது பெண். பிறந்த மறுநாள் மஞ்சள் அரைத்துப் பூசிய மாதிரி ஆகி, மூன்றாம் நாள் போய்விட்டது. ஷகிலாவின் மாமியார் ரஹ்மத் பீ, "பொழுது சாயற நேரத்துல மண்டிப் பக்கம் போவாதேன்னு தலைபாடா அடிச்சிக்கிட்டேன், கேட்டாளா?" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அதற்குப் பிறகு ஷகிலா வீட்டு வாசலைத் தாண்டுவதையே குறைத்துக்கொண்டாள். கழுத்தில் மூன்று தாயத்து. இப்போது ஐந்தாம் மாதம்.

ஞாயிற்றுக்கிழமை குல்ஷன் அப்பாவை அழைத்துக்கொண்டு பாலக்கோட்டுக்கு பஸ் ஏறினாள். சர்தார் சாது. மைத்துனி படம் போட்டு விளக்கியதில் பாதிதான் புரிந்தது என்றாலும், "அவளுக்கு நல்லதுன்னா எங்கே வேணா வர்றேன்" என்று கிளம்பிவிட்டார். ஊசியைக் கண்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டார் என்பது வேறு. தர்மபுரி ஆஸ்பத்திரியில் பார்த்ததில் ஷகிலா நெகட்டிவ், சர்தார் பாசிட்டிவ். லேடி டாக்டர் சேலத்துக்கு எழுதிக்கொடுத்தார். சேலத்தில், ஷகிலாவின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறது என்று உறுதியாகச் சொன்னார்கள்.

அங்கிருந்த டாக்டர், இந்தப் பெண்ணுக்கு விஷயம் தெரிகிறது என்று கண்டு குல்ஷனிடமே பேசினார். "வயித்துல இருக்கறது பாசிட்டிவ்னா கஷ்டம்தான். ஒரு மாசம் முன்னாடியே பிரசவம் பண்ணி, குழந்தைக்கு ரத்தத்தை மாத்தணும். நெகட்டிவ்னா எந்தத் தொந்தரவும் இல்லை. இது ரெண்டுல எதுன்னு பிறந்தாத்தான் தெரியும்."

"எங்க மச்சான்கிட்ட ரெண்டு மரபணுவும் பாசிட்டிவ்னா, எல்லாக் குழந்தையும் பாசிட்டிவ்தானே டாக்டர்?"

"ஆமா. ஒண்ணு நெகட்டிவா இருந்தா பாதிக்குப் பாதி வாய்ப்பு."

"அதை எப்படிங்க தெரிஞ்சிக்கறது?"

"அவரோட அம்மாவோ அப்பாவோ நெகட்டிவ்னா தெரிஞ்சிடும்."

சர்தாரின் அப்பா காலமாகி ஆறு வருஷம். இருப்பது ரஹ்மத் பீதான். அவளோ ஆண் டாக்டர் இருக்கும் ஆஸ்பத்திரிப் படியை மிதிக்க மாட்டேன் என்கிறவள்.

குல்ஷன் சவுரியப்பனிடம் போய் நின்றாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் ஐஸ் போட்ட பிளாஸ்கில் ஒரு சின்ன சீரம் பாட்டிலை வைத்துக் கொடுத்து, "திங்கக்கிழமை திருப்பிக் கொண்டாந்துடு. யார்கிட்டயும் சொல்லாதே" என்றார்.

ரஹ்மத் பீ சமையலறையில் மணையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். குல்ஷன் கேட்டதும் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு எதுக்குடி இதெல்லாம்? புள்ள பெத்துக்கப் போறது அவளா, நானா?"

"உங்க மகனுக்கு உங்ககிட்டேருந்து என்ன வந்திருக்குன்னு பாக்கணும் மாமி. ஒரே ஒரு சொட்டு."

"எங்கிட்டேருந்து வந்ததா? எல்லாத்துக்கும் நாந்தான் காரணம்னு சொல்ல வந்தியா?"

கதவோரம் நின்றிருந்த ஷகிலா முதல் முறையாக வாயைத் திறந்தாள். "வேணாம் குல்ஷன், விட்டுடு."

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, ரஹ்மத் பீ மருமகளை நிமிர்ந்து பார்த்தாள். மேடிட்ட வயிற்றைப் பார்த்தாள். பிறகு கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, ஒரு விரலை நீட்டினாள். "சீக்கிரம் குத்து."

குல்ஷன் ஒரே தகட்டில் இரண்டு துளி வைத்தாள். ஒன்று சர்தாருடையது, மற்றது அவர் அம்மாவுடையது. இரண்டிலும் சீரம் விட்டு, குச்சியால் கலந்து, உலை கொதித்து இறக்கிய பானையின் சூட்டில் காட்டினாள். சர்தாருடைய துளி ஒரு நிமிஷத்தில் திரிந்தது. அவர் அம்மாவுடையது திரியவில்லை. இரண்டு நிமிஷம் பார்த்தாள். திரியவே இல்லை.

"மாமி நெகட்டிவ்!" என்று அக்காவைப் பார்த்துக் கத்திவிட்டாள். "மச்சான்கிட்ட ஒண்ணு நிச்சயமா நெகட்டிவ்தான். பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு ஆபா!"

ஷகிலா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். ஆனால் ரஹ்மத் பீ அசையவில்லை. தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப எனக்கும் ஷகிலாவுக்கும் ஒரே ரத்தமா?"

"இந்த ஒரு விஷயத்துல ஒண்ணுதாங்க."

"இவனுக்கப்புறம் எனக்கு ரெண்டு பொறந்துச்சி. ரெண்டும் பொண்ணு." அவள் குரல் இறங்கியது. "ரெண்டும் மஞ்சளாத்தான் போச்சு. என் மாமியார், நான் பூனைய மிதிச்சிட்டேன்னு சொன்னாங்க. சாகற வரைக்கும் சொன்னாங்க. நானும் அப்படித்தான்னு நெனச்சிக்கிட்டேன்."

"நீங்க ஒண்ணும் பண்ணல மாமி. யாருமே ஒண்ணும் பண்ணல. ரத்தம் அது வேலையப் பாத்துச்சி, அவ்வளவுதான்."

ரஹ்மத் பீ முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அம்மா அழுது சர்தார் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர் மொண்டுவந்து கையில் வைத்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு மருமகளிடம் திரும்பினாள்.

"வா, இப்படி வந்து குந்து. உம்மேல ஒரு தப்பும் இல்ல புள்ளே. நாந்தான் வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்கல."

ஷகிலா நகர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, பாதியில் கிடந்த வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். இரண்டு பேர் கண்ணும் கலங்கியிருந்தன. வெங்காயத்தால்தானா என்று யாரும் கேட்கவில்லை.

அதன்பிறகு காத்திருப்புதான். குழந்தைக்கு ரத்தம் மாற்ற வேண்டிவந்தால் குல்ஷனுடைய ரத்தம் பொருந்தும் என்றார்கள். ஆனால் எடை நாற்பத்தைந்து கிலோவாவது இருக்க வேண்டுமாம். அவள் நாற்பத்திரண்டு. நூர் பாஷா தினம் இரண்டு முட்டையும் ராகிக் களியும் கண்முன்னே தின்னவைத்தார். போகிறபோதெல்லாம் சர்தார் அவளை மண்டித் தராசில் புளிச் சிப்பம் மாதிரி ஏற்றி நிறுத்துப் பார்த்தார். ஊசி என்றால் கண்ணை மூடுகிற மனிதர், "நாப்பத்தாறு!" என்று ஒருநாள் தெருவுக்கே கேட்கக் கூவினார்.

மார்ச்சில், செய்முறைத் தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால், ஷகிலாவைச் சேலத்தில் சேர்த்தார்கள். மறுநாள் காலை பத்து மணி சுமாருக்குப் பெண் குழந்தை பிறந்தது. நர்ஸ் தொப்புள்கொடி ரத்தத்தை ஒரு குழாயில் எடுத்துக்கொண்டு லேபுக்கு ஓடினாள். குல்ஷன் ரத்தம் கொடுக்கத் தயாராகச் சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எதிரே ரஹ்மத் பீ தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தாள். ஆண் டாக்டர்கள் அப்படியும் இப்படியும் போனார்கள். அவள் முக்காட்டைக்கூடச் சரிசெய்யவில்லை.

அரை மணி நேரம் ஆயிற்று. டாக்டர் வெளியே வந்தார். குல்ஷனின் சுருட்டிய கையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"கையை இறக்கி விட்டுக்கம்மா. குழந்தை நெகட்டிவ். ஒண்ணும் வேண்டாம். கொஞ்சம் எடை கம்மி, அவ்வளவுதான். பால் குடிச்சாச் சரியாப் போயிடும்."

டாக்டர் சொன்னது ரஹ்மத் பீ காதிலும் தெளிவாகத்தான் விழுந்தது. ஆனாலும், "என்னடி சொல்றாரு? என்ன சொல்றாரு?" என்று குல்ஷனின் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"உங்க பங்கு வந்திருக்கு மாமி. உங்ககிட்டேருந்து மச்சானுக்கு வந்தது குழந்தைக்கும் வந்திருக்கு. அதுதான் காப்பாத்துச்சி."

"என்னுதா?" என்றாள் ரஹ்மத் பீ. "நெசமாவா, என்னுதா?"

சர்தார் தந்தி கொடுக்க ஓடினார். பாதி தூரம் போனவர், பெண்ணா பையனா என்று கேட்க மறந்துவிட்டதாகத் திரும்பி ஓடிவந்தார்.

மூன்றாம் நாள் குழந்தை மஞ்சளாகாமல் வீல்வீலென்று கத்தியதை நேரில் பார்க்க குல்ஷனால் முடியவில்லை. குழந்தை பிறந்த மறுநாள் காலையே அவளுக்குத் தேர்வு. அதனால் பிறந்த அன்று மத்தியானமே தர்மபுரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நோட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள். இதயத்தின் படத்தை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று நினைத்தாள். சேலம் ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் கண் சொருகிவிட்டது. தொப்பூர் கணவாயில் பஸ் வளைந்து வளைந்து ஏறியது எதுவும் அவளுக்குத் தெரியாது.

"யம்மா, தர்மபுரி வந்து எல்லாரும் எறங்கியாச்சு," என்று கண்டக்டர் இரண்டு தடவை தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.