நயாகராவுக்கு இரண்டு டிக்கெட்

கஞ்சத்தனத்தில் எங்கள் ஹூடாக் குடும்பத்தை மிஞ்ச கிளீவ்லாந்தில் ஆள் கிடையாது. அதிலும் மார்லாவாகிய நான் எச்சில் கையால் காக்காய் ஓட்டமாட்டேன். போன அக்டோபரில் என் தங்கை ட்ரூடி நயாகரா போகும் வழியில், பேருந்திலேயே செத்துப்போனாள். பேருந்து நிறுவனத்தார் பெரிய மனது பண்ணி, பாதியில் நின்ற அந்தப் பயணத்துக்கு ஈடாக இன்னொரு டிக்கெட் அனுப்பினார்கள். ஒரு வருடத்துக்குள் போயாக வேண்டும். நான் கெடு முடிகிற கடைசி நாளில் கிளம்பினேன்.

டிக்கெட்டில் என் பெயரும் ட்ரூடி பெயரும் இருந்தன. ஒன்றை எடுத்துவிட முடியுமா என்று கேட்டதற்கு, டிக்கெட் கவுண்டர் சன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் கொட்டாவி விட்டாள்.

"அப்படியெல்லாம் பிரிக்க முடியாதுங்க. உங்களுக்கு நல்லதுதானே? ரெண்டு சீட்லயும் காலை நீட்டிக்கிட்டுப் போங்க."

பத்து வருடமாக நானும் ட்ரூடியும் இப்படித்தான் ஊர் சுற்றினோம். ரொட்டியில் வேர்க்கடலை வெண்ணெய், நாலு அவித்த முட்டை, குழாய்த் தண்ணீர். இருப்பதிலேயே மலிவான டிக்கெட்தான் வாங்குவோம். அதற்குப் பணம் திரும்பக் கிடைக்காது. அதனால் இடியே விழுந்தாலும் கிளம்பிவிடுவோம். போன வருடம் கிளம்புகிற அன்று காலையில் ட்ரூடிக்கு நெஞ்செல்லாம் சளி. "நான் வரலையே மார்லா" என்றாள். "டிக்கெட் காசை உன் தாத்தனா திருப்பிக் கொடுப்பான்? எழுந்திருடி" என்றேன். எங்கள் இருவருக்கும் ஒரே தாத்தாதான். அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தாள்.

எரீ நகரத்தைத் தாண்டி, வெஸ்ட்ஃபீல்டுக்குப் பக்கத்தில், சாலையின் இருபுறமும் திராட்சைத் தோட்டம். அறுவடைக் காலத்தில் மூடிய பேருந்துக்குள்ளேயும் அந்த மணம் வரும். அங்கேதான் அவள் மூச்சு விசில் மாதிரி இழுக்க ஆரம்பித்தது.

"மார்லா, வண்டிய நிறுத்தச் சொல்லு. மூச்சு முட்டுது."

"இன்னும் ஒரு மணி நேரம்தான், பஃபலோ வந்துடும். இங்க எறங்கினா டிக்கெட் போச்சு. பேசாம கண்ண மூடிக்கிட்டு இரு."

மூடிக்கொண்டாள். பஃபலோவில் மருத்துவர், அரை மணி முன்னால் கொண்டு வந்திருந்தால் பிழைக்க வைத்திருக்கலாம் என்றார். அவள் தூங்கிக்கொண்டு வந்தாள், எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அவரிடம் சொன்னேன். அம்மாவிடமும் அதையேதான் சொன்னேன். அடக்கத்துக்கு வந்த அத்தனை பேரும் என்னைக் கட்டிக்கொண்டு, "பாவம், உனக்கு எப்படித் தெரியும்?" என்றார்கள். நான் தலையாட்டினேன். அதிலிருந்து ஒரு வருடமாக அந்த விசில் என்னை விடவில்லை. பாத்திரம் கழுவும்போது வரும், துணி மடிக்கும்போது வரும். அவளுக்காக அந்த அருவியைப் போய்ப் பார்த்துவிட்டால் விட்டுவிடுவாள் என்று நம்பித்தான் கிளம்பினேன். வேறு வழியிருந்தால் அந்தச் சாலையில் மறுபடி கால் வைத்திருக்க மாட்டேன்.

பேருந்தில் நல்ல கூட்டம். எரீயில் ஏறிய ஒரு தடித்த ஆள் இடம் தேடி வந்தான். என் பக்கத்தில் சன்னலோர இருக்கை காலி. பையை மேலே வைக்கக் கையைத் தூக்கியவன் அப்படியே நின்றான்.

"மன்னிச்சுக்குங்க, ஆள் இருக்கறதைப் பாக்கல" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய்விட்டான்.

அவன் கண்ணில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்ள முயன்றேன். முடியவில்லை. வெஸ்ட்ஃபீல்டில் திராட்சை மணம் வந்தது. கூடவே, சன்னல் பக்கத்திலிருந்து விசில். நான் காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு, ஒலியைக் கூட்டிவைத்து, பஃபலோ வரும்வரை என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது முறையும் அதையேதான் செய்தேன்.

பஃபலோவிலிருந்து நகரப் பேருந்து. அப்புறம் கனடாவுக்குப் போகும் பாலத்தை நடந்தே கடந்தேன், நடந்தால் மலிவு. அக்கரையில் கனடா அதிகாரி கடவுச்சீட்டைப் புரட்டினார்.

"எதுக்கு வந்தீங்க?"

"அருவி பாக்க."

"உங்க பக்கமே அருவி இருக்கே!"

"எங்க பக்கம் நின்னா அதோட தோள்பட்டைதான் சார் தெரியுது. முகத்தை உங்களுக்குல்ல காட்டுது."

சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். நானும் சிரித்தேன். அன்றைக்கு நான் சிரித்தது அது ஒன்றுதான்.

படகுக்குக் காசு கொடுத்து நனைகிறவர்கள் நனையட்டும். அருவி விழுகிற விளிம்புக்குப் பக்கத்தில் கம்பியோரம் நின்றாலே சாரல் இலவசமாக நனைத்துவிடும். வீட்டிலிருந்து கொண்டுவந்த மழை அங்கியைப் போட்டுக்கொண்டு நின்றேன். தண்ணீர் பச்சையாக வந்து, விளிம்பில் வளைந்து, வெள்ளையாக விழுந்துகொண்டே இருந்தது. காதில் வேறு எதுவும் நுழைய முடியாத இரைச்சல். விசில் நின்றுவிட்டது. ஒரு வருடத்தில் முதல் முறையாக நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஊர் சுற்றுகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. நீ என்னை எடு, நான் உன்னை எடுக்கிறேன். சிவப்புத் தொப்பி போட்ட ஒருவர் தன் மனைவியோடு படம் எடுத்துத் தரச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். பிறகு என் கைபேசியை அவரிடம் கொடுத்தேன்.

"இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்று கத்தினார். எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். "அடடா, உங்க தங்கச்சி கண்ண மூடிட்டாங்க. தங்கச்சிதானே? உரிச்சு வெச்ச மாதிரி இருக்காங்களே! இருங்க, இன்னொண்ணு எடுக்கறேன்."

மூன்று முறை எடுத்தார். மூன்றிலும் மூடிவிட்டாள் என்று சலித்துக்கொண்டு கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். படத்தில் நான் ஓர் ஓரமாக நிற்கிறேன். மிச்ச இடமெல்லாம் சாரல். அவள் எப்படிக் கண்ணைத் திறப்பாள்? மூடச் சொன்னவளே நான்தானே.

கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசினேன். "ட்ரூடி, மன்னிச்சுடுடி. நீ கெஞ்சினே. எனக்குக் கேட்டுச்சு. இதோ உன்னைக் கூட்டிட்டு வந்துட்டேன், பாத்துக்கோ, போதும்டி, என்னை விட்டுடு." எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள், உலகத்திலேயே யார் காதிலும் எதுவும் விழாத ஒரு இடத்தில் நின்றுகொண்டு உண்மையைச் சொன்னேன். பக்கத்தில் நின்ற சிவப்புத் தொப்பிக்காரருக்குக்கூடக் கேட்டிருக்காது.

ஐந்தரைக்குப் பஃபலோவில் திரும்பும் பேருந்து. சன்னலோர இருக்கையில் என் கையை வைத்துப் பார்த்தேன். வெறும் மெத்தைதான். தொலைந்தது, எல்லாம் முடிந்தது என்று மிச்சமிருந்த முட்டையை உரித்துத் தின்றேன். நன்றாகத் தூங்கிவிட்டேன்.

திராட்சை மணம்தான் என்னை எழுப்பியது. வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. என் தோளில் ஒரு தலையின் பாரம். விசில் முன்னைவிட மோசமாக இழுத்தது, நடுவில் விட்டுவிட்டு இழுத்தது. அப்படி விட்டுவிட்டு வந்தால் அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும். பாட்டுக் கருவி கையிலேயே இருந்தது. அதைக் கீழே போட்டுவிட்டு எழுந்து, இருக்கைகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் ஓடினேன்.

"சார், வண்டிய நிறுத்துங்க. என் தங்கச்சிக்கு மூச்சு முட்டுது."

ஓட்டுநர் நரைத்த தாடிக்காரர், ஆறடி ஆள். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. விளக்கைப் போட்டு, வண்டியை ஓரம் கட்டி, இருக்கைக்கு அடியிலிருந்து முதலுதவிப் பெட்டியை இழுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். இவ்வளவுதானா! போன வருடமும் இவ்வளவுதான் ஆகியிருக்கும்.

"எந்த சீட்?"

காட்டினேன். அவர் போய்ச் சன்னல் பக்கம் குனிந்தார். அவருடைய அகன்ற முதுகுக்கு அப்பால் எனக்கு எதுவும் தெரியவில்லை. ஆட்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். யாரோ ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். விசில் நின்றுவிட்டது.

"எவ்வளவு நேரமா இப்படி இருக்காங்க?" என்றார் குனிந்தபடியே.

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கோபமில்லை அந்த முகத்தில், பயம்தான் இருந்தது.

"உங்களத்தாம்மா கேக்கறேன். கூடவே உக்காந்திருந்தீங்க இல்ல? முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

தூங்கிக்கொண்டிருந்தாள் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. பழகிய சொல், தானாக வரும். அதை விழுங்கினேன். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"அவ சொன்னா சார். நிறுத்தச் சொல்லுன்னு கெஞ்சினா. டிக்கெட் வீணாயிடுமேன்னு நான்தான் சொல்லல."