ஒன்றுமில்லை என்று வந்த ரிப்போர்ட்

இருபது வருடமாக ஒருத்தியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஆஸ்பத்திரி லேபில் அவளுக்கும் எனக்கும் ஒரே மேஜை. அவளுடைய பட்டப்பெயர் கழுகு. நோயாளியின் ரத்தத்தில் மூளையைத் தாக்கும் எதிர்ப்புப் புரதம் இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. ரத்தத்தைப் பக்குவப்படுத்திக் கண்ணாடி ஸ்லைடில் விட்டு, இருட்டறையில் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்போம். அந்தப் புரதம் இருந்தால் பச்சையாக மினுங்கும். இல்லாவிட்டால் கறுப்பு. மங்கலான பச்சையை யார் தவறவிட்டாலும் கழுகு விடமாட்டாள். ஒருவர் பார்த்ததை இன்னொருவரும் தனியாகப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி உண்டு. ஒரே நாளில் அறுபது ஸ்லைடு வந்தால் விதியாவது மண்ணாவது! அவள் பார்த்து எழுதுவாள், நான் வரிசையாகக் கிறுக்கித் தள்ளுவேன். மறுநாள் நான் பார்ப்பேன், அவள் கிறுக்குவாள். எங்கள் லேபில் எல்லோரும் செய்வதுதான்.

என் தங்கை கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஒரு மனுஷன் வண்டியைச் சுவரில் கொண்டுபோய் மோதியபோதுகூட, "பரவால்ல சார், சுவர் நகராதுன்னு இன்னைக்குக் கத்துக்கிட்டீங்க" என்றவள். அப்படிப்பட்டவள் மார்ச் மாதம் ஒருநாள் நட்டநடு ரோட்டில் காரை நிறுத்திவிட்டு, கண்ணாடிக்குள்ளிருந்து யாரோ சிரிக்கிறார்கள் என்று அழுதாள். பிறகு தூக்கம் போயிற்று. சாப்பாட்டில் விஷம் என்றாள். புருஷனைக் கடித்தாள். எதுவும் தின்னாமலே வாய் மட்டும் மென்றுகொண்டிருந்தது. மனநல வார்டில் சேர்த்தோம்.

அங்கிருந்து அவள் ரத்தம் எங்கள் லேபுக்கு வந்தது. சொந்தக்காரர் ரத்தத்தை நாங்கள் தொடக்கூடாது. கழுகு என் தோளைத் தட்டி, "உன் தங்கச்சி எனக்கும் தங்கச்சிதான்டி. நானே பாக்குறேன், நீ கவலைய விடு" என்றாள். மறுநாள் ரிப்போர்ட் வந்தது. ஒன்றுமில்லை.

அப்புறம் என்ன? டாக்டர் மனநோய் என்று எழுதினார். தங்கை புருஷன் ஐந்து வயது மகளைத் தூக்கிக்கொண்டு அவன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டான். நானும் நம்பினேன். கழுகு பார்த்த ரிப்போர்ட் ஆயிற்றே.

இரண்டு மாதம் கழித்துத் தங்கைக்கு வலிப்பு வந்தது. புதிதாக வந்த டாக்டர் அந்த வாய் மெல்லுவதைப் பார்த்துவிட்டு, முதுகுத்தண்டில் நீர் எடுத்து வேறு ஊர் லேபுக்கு அனுப்பினார். அந்தப் புரதம் இருக்கிறது என்று பதில் வந்தது. "உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூளையை அடிச்சிருக்கு. காவலுக்கு வச்ச ஆளு வீட்டுக்காரரையே திருடன்னு நெனச்சு அடிக்கிற மாதிரி. ஆரம்பத்துலயே தெரிஞ்சிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது" என்றார். ஸ்டீராய்டு கொடுத்தார்கள், ரத்தத்தைச் சுத்திகரித்தார்கள். ஆறு வாரத்தில் என் தங்கை எழுந்து உட்கார்ந்து கார் சாவியைக் கேட்டாள். இடையில் போன மாதங்கள் மட்டும் அவளுக்குத் துளிகூட ஞாபகம் இல்லை.

மகளைத் திருப்பிக் கேட்டதற்கு அவள் புருஷன், அந்தப் புண்ணியவான், "இது புதுசா வந்த நோய். மார்ச்சுல டெஸ்ட் பண்ணி ஒண்ணுமில்லைன்னு எழுதியிருக்கே, அப்ப அது பைத்தியந்தானே? பைத்தியத்துகிட்ட பிள்ளைய விடமாட்டேன்" என்றான். முதல் ரிப்போர்ட் தப்பு என்று லேபே எழுதிக் கொடுத்தால்தான் பிள்ளை கிடைக்கும் என்றார் வக்கீல்.

மிச்ச ரத்தத்தை ஆறு மாதம் உறையவைத்திருப்போம். கழுகு லீவு போட்ட நாளில், விதியாவது ஒன்றாவது என்று அதை எடுத்து நானே பார்த்தேன். ஐயோ, என்னத்தைச் சொல்ல! மங்கலே இல்லை, பளிச்சென்று இருந்தது. நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்கூடக் கண்டுபிடித்திருப்பார், அப்படி ஒரு பச்சை.

மறுநாள் அவளை இருட்டறைக்குள் இழுத்தேன். "பாத்தியா இல்லையா? அதைச் சொல்லு."

"அன்னைக்கு அறுபத்திரண்டு இருந்துச்சு. அந்த வார்டுலேருந்து வந்ததுல என்னைக்காவது பச்சை பாத்திருக்கோமா? அதையெல்லாம் மொத்தமா இல்லைன்னு போட்டுட்டேன்."

"என் தங்கச்சிடி! பாக்குறேன்னு சொன்னியே, பாவி!"

"கத்தாத. மேல சொல்லப் போறியா? போறதுக்கு முன்னாடி இதைப் பாத்துட்டுப் போ." அன்றைய ரிஜிஸ்டரைப் பிரித்து நீட்டினாள். பேர் கிடையாது, வெறும் நம்பர்தான். தங்கையின் நம்பருக்கு எதிரே முதல் கையெழுத்து அவளுடையது. இரண்டாவது என்னுடையது.

"தெரிஞ்சேதான் என்கிட்ட நீட்டினியா?"

"நீ என்னைக்குடி பாத்துப் போட்டிருக்க?" என்றாள்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நேராக லேப் தலைவரிடம் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். இன்னொருவரை வைத்துத் திரும்பப் பார்த்து, திருத்திய ரிப்போர்ட்டை முத்திரையோடு கொடுத்தார்கள். இரண்டு பேரையும் சஸ்பெண்ட் செய்தார்கள். வெளியே வரும்போது கழுகு என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை.

தங்கையிடம் ரிப்போர்ட்டைக் கொடுத்து, என் கையெழுத்து விஷயத்தையும் சொன்னேன். படித்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு கேட்டாள், "அந்த வார்டுல இருந்தப்ப உன்கிட்ட நான் ஏதாவது சொன்னேனாக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு எது ஞாபகம் இருக்கிறது? "எனக்குப் பைத்தியம் இல்லக்கா, தலைக்குள்ள என்னமோ நடக்குது, இன்னொரு தடவ ரத்தத்தைப் பாக்கச் சொல்லுன்னு தினமும் கையப் பிடிச்சுக் கெஞ்சின."

"நீ என்ன சொன்ன?"

"நடிக்காதடின்னேன்."

அவள் திட்டியிருந்தால் தேவலை. ரிப்போர்ட்டைப் பையில் வைத்து, கார் சாவியை எடுத்தாள். நானும் செருப்பை மாட்டிக்கொண்டு, "இரு, பிள்ளையக் கூட்டிட்டு வர நானும் வர்றேன்" என்றேன்.

"வேண்டாம்" என்றாள். "அவ கேட்டா, பெரியம்மா ஊர்ல இல்லைன்னு சொல்லிக்கிறேன்."