வலது கைப் பகுதி

மேடைக்குப் பின்னாலிருந்த அறையில், வெந்நீரிலிருந்து அக்கா வலது கையை எடுத்தபோது மோதிர விரல் மட்டும் தானாக மடங்கி உள்ளங்கையைத் தொட்டது. இடது கையால் அதை நிமிர்த்தினாள். விட்டதும் மறுபடி மடங்கியது. மேடையில் பக்கம் புரட்டுவதற்காகக் கூட வந்திருந்த தங்கை அதைப் பார்த்துவிட்டாள்.

“எத்தனை நாளா இப்படி?”

“முன்னாடி வாசிக்கும்போது மட்டுந்தான். இப்ப சும்மா இருந்தாலும் மடங்குது.”

“டாக்டர்கிட்ட காட்டினியா?”

“காட்டினேன். பியானோவைத் தொடாதேன்னார். நீயும் அதையே சொல்லுவேன்னுதான் உன்கிட்ட சொல்லலை.”

கதவுக்கு அப்பால் நாற்காலிகள் நகரும் சத்தம் அடங்கிக்கொண்டிருந்தது. அக்கா வாசிக்கப்போவது ஒரு போலந்துக்காரர் அந்தக் காலத்தில் எழுதிய குட்டிக் குட்டி பியானோ இசைத் துண்டுகள். சில ஒரே பக்கந்தான். நிமிர்ந்து உட்காருவதற்குள் முடிந்துவிடும். நீண்ட இசையில் ஒரு சுரம் பிசகினால் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடும். இவற்றில் ஒளிய இடம் கிடையாது.

தங்கைக்கும் இவை தெரியும். வீட்டில் இருந்தது ஒரே பியானோ. அக்கா வெளியே போகிற நேரங்களில், மெதுவான துண்டுகளைத் தானாக வாசித்துப் பழகியிருந்தாள். ஒருநாள் அம்மா, “அக்காவுக்குப் போட்டி வருது, பியானோவை எதுக்கு நோண்டற?” என்றாள். அன்று மூடியை இறக்கியவள்தான். அவள் நிறுத்திவிட்டதை வீட்டில் ஒருவரும் கவனிக்கவே இல்லை.

மேடையில் முதல் இரண்டு துண்டுகளும் எப்படியோ கரை சேர்ந்தன. மூன்றாவது வேகமானது. நடுவில் மோதிர விரல் சுருண்டுகொள்ள, பக்கத்து விரல் அதன் சுரத்துக்குத் தாவித் தவறியது. அக்கா நிறுத்தினாள். முதலிலிருந்து ஆரம்பித்தாள். அதே இடத்தில் மறுபடி நின்றது. அரங்கில் யாரோ இருமினார்கள்.

“எந்திரி, போயிடலாம்,” என்று தங்கை குனிந்து கிசுகிசுத்தாள்.

அக்கா எழவில்லை. தானே பக்கத்தைப் புரட்டினாள். அடுத்தது மெதுவான துண்டு. வலது கையை மடியில் போட்டுக்கொண்டு, இடது கையால் மட்டும் அதன் அடிச்சுரங்களை அழுத்தத் தொடங்கினாள். வலது கை வாசிக்கவேண்டிய மெட்டு வரவில்லை. முதல் வரி முடிந்ததும் மீண்டும் முதல் வரிக்கே வந்தாள்.

“வலது கைப் பகுதியை நீ வாசி,” என்றாள், உதடு அசையாமல்.

“என்ன விளையாடறியா? எத்தனை வருஷமாச்சு.”

“நீ திருட்டுத்தனமா வாசிச்சதெல்லாம் எனக்குத் தெரியும். மாடிப்படியில உட்காந்து கேட்டிருக்கேன்.”

தங்கைக்குக் கோபந்தான் முதலில் வந்தது. தெரிந்துமா வாய் திறக்கவில்லை? ஆனால் அக்கா நீள இருக்கையில் நகர்ந்து இடம் விட்டிருந்தாள். இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்தாள். முதல் சுரம் தேவைக்கு மேல் உரக்க விழுந்தது. அக்கா தன் சத்தத்தைத் தணிக்கவில்லை, வேகத்தைக் குறைக்கவுமில்லை. இரண்டாம் வரியில் தங்கையின் கை வழி கண்டுகொண்டது. அதன்பின் அவள் யாரையும் பார்க்கவில்லை.

கடைசிச் சுரம் அடங்கியது. யாரும் கை தட்டவில்லை, யாரும் எழவுமில்லை. அடுத்த பக்கத்தில் சுரங்கள் எறும்புச் சாரையாய் நெருங்கிக் கிடந்தன. அந்த வேகமான துண்டைத் தங்கை ஒருநாளும் முழுதாக வாசித்ததில்லை. அவள் மெல்ல எழப்பார்த்தாள். முடியவில்லை. பியானோவின் விளிம்புக்குக் கீழே, அக்காவின் வலது கை அவள் சட்டை நுனியில் இருந்தது. பிடித்துக்கொண்டதா, விரல் தானாக மடங்கித் துணியில் மாட்டிக்கொண்டதா, தெரியவில்லை. அக்காவின் இடது கை அதற்குள் அடுத்த துண்டைத் தொடங்கக் கட்டைகள் மேல் போய் நின்றிருந்தது.