உள்ளே இருக்கிற கிருஷ்ணவேணி

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாக முடிந்திருக்க வேண்டியது. வீடியோ கேம்களில் வரும் காதலைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். காதலி கடைசிக் கட்டத்துக் கோட்டையில் அடைபட்டிருப்பாள். காதலன் அங்கே போய்ச் சேர்ந்ததும் ஆட்டம் முடிந்துவிடும். இருவரும் சேர்ந்து ஒரு வேளை சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. பசுவந்தனையில் ஒரு கல்யாணப் பந்தியில் இதைச் சொன்னபோது, பக்கத்து இலையிலிருந்த தூரத்துச் சொந்தக்காரி கிருஷ்ணவேணி, "சாப்பிடுத கேமும் இருக்கு அண்ணாச்சி," என்றாள். கட்டுரை அங்கேயே நின்றுவிட்டது.

2

முதல் தொடக்கம்: 'கரிசல் வெடித்துக் கிடந்த ஒரு சித்திரை மதியத்தில்...'

(அடித்துவிட்டேன். அவள் இருந்தது கோவில்பட்டியில், ஏ.சி. போட்ட கம்ப்யூட்டர் சென்டரில்.)

இரண்டாவது: 2004. மந்திரமூர்த்தியின் சென்டரில் கிருஷ்ணவேணி பாடம் எடுத்தாள். புதூர்க்காரன் பூவனநாதனுக்கும் அவளுக்கும் நிச்சயமாகியிருந்தது. அவனுக்குப் புனேயில் லேத் வேலை. ஆள் வராத மதியங்களில் ஒரு திருட்டு சிடி விளையாட்டில் அவள் வீடு கட்டினாள். தன்னைப் போலவும் அவனைப் போலவும் இரண்டு உருவங்கள் செய்து உள்ளே குடிவைத்தாள்.

அந்த விளையாட்டில் காதல் ஓர் எண். பேசினால் ஏறும், பேசாவிட்டால் இறங்கும். நூறுதான் உச்சம்.

"நெசத்துல அவிய ஞாயித்துக்கெழம மட்டும்தான் போன்ல பேசுவாவ. எனக்கு ஒண்ணும் எறங்கல," என்றாள் என்னிடம்.

3

பூவனநாதன் லாரியில் அடிபட்டு இறந்தான்.

(இதை நீட்டிப் பார்த்தேன். மழை, ஈரச் சாலை, அவன் கடைசியாக... எனக்கு எதுவும் தெரியாது. இவ்வளவுதான்.)

உடல் புதூருக்கு வந்தது. தாலி ஏறாதவள் என்று அவளை உள்ளே விடவில்லை. பந்தலுக்கு வெளியே நின்றாள்.

ஒரு மாதம் கழித்து வந்து அந்தக் கம்ப்யூட்டரைப் போட்டாள். மூடிக் கிடந்தால் உள்ளே நேரம் நகராது. விளையாட்டின் விதி அப்படி. அவள் விட்டுப்போனபோது எண் பாதியைத்தான் தாண்டியிருந்தது.

இப்போது நூறு.

உள்ளே மேசையில் இரண்டு தட்டுகள். அவன் ஏதோ சொல்ல, உள்ளே இருந்தவள் சிரித்தாள். கிருஷ்ணவேணி அவளை வாசலுக்கு வரச்சொல்லி அழுத்தினாள். வரவில்லை. மறுபடி அழுத்தினாள். ஜன்னலருகே வந்து எட்டிப் பார்த்தவள், அவன் கூப்பிட்டதுபோலத் திரும்பிப் போய்விட்டாள்.

4

இங்கே நான் கிருஷ்ணவேணியைச் சந்தேகப்பட்டேன். நேரே மந்திரமூர்த்தியிடம் போனேன்.

"நீங்க யாராவது அதுல விளையாடினீங்களா?"

"பிளக்கையே பிடுங்கி வச்சிருந்தேன் அண்ணாச்சி. அழிச்சிரட்டுமான்னு கேட்டதுக்கு, 'உள்ள இருக்கவ நல்லா இருக்கா சார், நாந்தான் வெளிய நிக்கேன்'னு சொன்னா."

பிறகு அவளே ஒன்று செய்தாளாம். விளையாட்டில் இருந்த அந்த வீட்டிலிருந்து தன்னை மட்டும் நீக்கினாள். ஆள் போனால் எண்ணும் போக வேண்டும். போகவில்லை, நூறிலேயே நின்றது. அவன் இரண்டு தட்டு வைத்தான். காலி நாற்காலியைப் பார்த்துச் சிரித்தான். அப்புறம் ஜன்னலுக்கு வந்து நின்றான். தெருப் பக்கம் பார்க்கவில்லை. திரைக்கு இந்தப் பக்கம் பார்த்தான்.

அன்றோடு அவள் வேலைக்கு வரவில்லை. மறுவருஷம் பசுவந்தனையில் கட்டிக்கொடுத்தார்கள்.

5

முடிவு ஒன்று: திருட்டு சிடி, கோளாறு. (நம்பலாம். நானும் இரண்டு நாள் நம்பினேன்.)

முடிவு இரண்டு: அவன் அங்கே இன்னும்... (எழுதவில்லை.)

நடந்தது இது. கேட்டதையெல்லாம் சரிபார்க்க அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். நல்ல புருஷன்; காபி வாங்க அவரே கடைக்குப் போனார். வாசல்வரை வந்த கிருஷ்ணவேணி, இடுப்பில் இருந்த பிள்ளையை மாற்றி வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்:

"அங்கன போனீங்களே, போட்டுப் பாத்தீங்களா? எறங்கிருக்கா?"

மறுபடி கோவில்பட்டிக்குப் போனேன். மந்திரமூர்த்தி அந்தப் பழைய கம்ப்யூட்டரின் உறையை எடுத்துவிட்டு, பிளக்கைச் சொருகி, "நீங்களே போடுங்க," என்று தள்ளி நின்றுகொண்டார். இறங்கியிருந்தால் அவளிடம் எப்படிச் சொல்வது? இறங்காமல் இருந்தால்?

நான் போடவில்லை. சுவிட்ச் மேசைக்கு அடியில், இடது பக்கம். நீங்கள் போடுங்கள். பார்த்ததை என்னிடம் சொல்ல வேண்டாம். பசுவந்தனையில் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த தெரு. கிருஷ்ணவேணி வீடு என்று கேட்டால் காட்டுவார்கள்.